படகு எஞ்சினை அம்பாசடரில் ஏற்றுவது எப்படி: வடசென்னைப் பட்டறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் கட்டியிருக்கும் விசைப்படகுகளின் எஞ்சின் அறையில் எட்டிப் பார்த்தால் லேலண்ட் எஞ்சின்தான் அதிகம் கண்ணில் படும். அந்தக் கம்பெனியின் ஆலை கொஞ்சம் வடக்கே எண்ணூரில் இருக்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. லாரிக்கென்று செய்த எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் பம்பும் தண்ணீர் ஓடும் மேனிஃபோல்டும் (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாட்டினால் அது படகு எஞ்சின். சிறிய படகு எஞ்சின்களில் பலவற்றின் கதையும் இதுவேதான்: தரையில் ஓடியதைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியவை.

அதனால் படகு எஞ்சினைப் பழைய காரில் ஏற்றுவது என்பது புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் வேலை இல்லை. கடலுக்காகச் சேர்த்ததைக் கழற்ற வேண்டும், ரோட்டுக்குத் தேவையானதைத் திருப்பி வைக்க வேண்டும். கடலில் குளிர்ந்த தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும், காலால் மிதிக்கும் கிளட்ச் கிடையாது. ரோட்டில் காற்றுதான் குளிர்விக்க வேண்டும், சிக்னலுக்குச் சிக்னல் வேகம் மாறும், நிமிடத்துக்கு நாலு முறை கிளட்சை மிதிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்தக் காருக்கு எந்த எஞ்சின்

காசிமேட்டில் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று ஆறு சிலிண்டர் லேலண்ட் மேல் ஆசைப்பட வேண்டாம். அது லாரி எஞ்சின், எடையும் லாரிக்கு உரியது. அம்பாசடரின் முன்பக்கம் அதைத் தாங்காது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களும் நாட்டுப்படகோடு நிற்கட்டும்.

காருக்குப் பொருத்தமாகக் கிடைப்பவை பெரும்பாலும் கப்பல்களின் உயிர்காப்புப் படகான லைஃப் போட்டிலிருந்து வருபவை. குஜராத்தின் அலங்கில் கப்பலை உடைக்கும்போது லைஃப் போட்டுகள் எஞ்சினோடு ஏலத்துக்குப் போகின்றன, அங்கிருந்து நாடெங்கும் பழைய சாமான் வியாபாரிகளிடம் சேர்கின்றன. இவற்றில் நான் முதலில் கை காட்டுவது பெர்கின்ஸ் 4.108. நாலு சிலிண்டர், 107.4 கன அங்குலம், அதாவது சுமார் 1.76 லிட்டர் டீசல். கார், வேன் வகையில் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 50 குதிரைத் திறன் அளவுக்குத் தரும். இங்கிலாந்தில் முதல் தலைமுறை ஃபோர்ட் டிரான்சிட் வேனின் டீசல் வகையில் இந்த எஞ்சின் ஓடியிருக்கிறது. ரோட்டு வண்டியில் ஏற்கெனவே ஓடிய எஞ்சின் என்பதால் தண்ணீர் ஓடாத டிரை மேனிஃபோல்டு, கிளட்சுக்கான ஃபிளைவீல் எல்லாம் உலகில் எங்கோ செய்யப்பட்டிருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சென்னையில் உதிரிக் கடையில் போய்ப் 'பெர்கின்ஸ்' என்றால், சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்தில் செய்துவந்த டிராக்டர், லாரி எஞ்சின்களின் கிட்டை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு குடும்பம். 4.108 என்று எண்ணைச் சொல்லுங்கள், பழைய ரிங்கையும் பேரிங்கையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்து கார். 1957-58-ல் வந்து 2014-ல் நின்றது அம்பாசடர். மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. பெட்ரோலும் உண்டு, 1,489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) டீசலும் உண்டு. டீசல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் என்ற கட்டம் மாறாது, டேங்கில் திரும்பு குழாய் ஏற்கெனவே இருக்கும், டீசலுக்கு ஏற்ற கியரும் இருக்கும். நல்ல நிலையில் உள்ள பழைய மார்க் 2 வகைப் பெட்ரோல் அம்பாசடரைப் பிரித்து டீசல் ஏற்றுவதை நான் பாவமாகத்தான் பார்க்கிறேன். காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை, அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

ஸ்பேனருக்கு முன்னால் காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவைப் படிக்காமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஆர்சி-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே முதலில் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் என்றால் டிஎன் 03, வியாசர்பாடிப் பக்கம் என்றால் டிஎன் 05. எந்த எஞ்சின், எத்தனை சிசி, என்ன எண், எதற்காக மாற்றுகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாசலில் நிற்கிற ஏஜென்ட் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்வதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு ரக எஞ்சினுக்கு மறுப்பு வரத்தான் வாய்ப்பு அதிகம். மறுத்தால் வண்டி பொதுச்சாலைக்கு வரக் கூடாது. கண்காட்சிக்கோ, சொந்த வளாகத்துக்குள் ஓட்டவோ மட்டும் என்று தீர்மானித்துக்கொண்டு செய்யுங்கள், இல்லை அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 50 வயது தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு தரும் விதி 2021-ல் வந்தது. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். எஞ்சினிலோ சேஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது. எஞ்சினை மாற்றிய நாளோடு அந்தத் தகுதி போய்விடும். மார்க் 2-ஐத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

எஞ்சினுக்கும் பில் வேண்டும். காயலாங்கடையில் பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும். துறைமுகப் பக்கம் திருட்டு எஞ்சின் புழங்குவது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஜிஎஸ்டி பில், அதில் எஞ்சின் எண், ஏல ஆவணத்தின் நகல், இந்த மூன்றும் இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

"லைஃப் போட் எஞ்சின் சார், ஓடவே இல்ல" என்பார் கடைக்காரர். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கடல்சார் பாதுகாப்பு விதிப்படி லைஃப் போட் எஞ்சினை வாரம் ஒருமுறை குறைந்தது 3 நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அப்படிச் சூடேறாமலே ஓடி அணைந்த எஞ்சின் அது. ஓடிய மணி நேரம் குறைவுதான். ஆனால் ரிங் பள்ளத்தில் கரி இறுகியிருக்கும், வால்வு ஒட்டியிருக்கும், ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். ஆக, பிரித்து ஓவர்ஹால் செய்யாமல் ஏற்றக் கூடாது.

கடையிலேயே பார்க்கக் கூடியவை சில உண்டு. ஆயில் கேஜ் குச்சியை எடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கிராங்க் புல்லி நட்டில் நீளமான லீவர் போட்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சுற்று எங்காவது தட்டி நின்றால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஹோஸைக் கழற்றி விரலை விடுங்கள். உப்புப் பொருக்கு வந்தால், கடல்தண்ணீரே நேராக பிளாக்குக்குள் ஓடிய எஞ்சின் என்று பொருள். அதைத் தொடாதீர்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து உள்ளே நல்ல தண்ணீரும் வெளியே கடல்தண்ணீரும் ஓடிய எஞ்சின்தான் நமக்கு வேண்டும்.

தகட்டில் 4.107 என்று இருந்தால் அதுவும் அதே அளவுதான், ஆனால் அதில் வெட் லைனர், அதாவது தண்ணீர் நேராகத் தொடும் சிலிண்டர் உறை. அடியில் இருக்கும் ரப்பர் ரிங் தளர்ந்தால் தண்ணீர் சம்புக்குள் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கும். 4.108-ல் தண்ணீர் தொடாத டிரை லைனர் என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

சுழலும் திசையையும் பாருங்கள். புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் எஞ்சின் கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். இரட்டை எஞ்சின் படகுகளில் சில நேரம் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும் வகையாக இருக்கும். அதை ஏற்றினால் உங்கள் காருக்கு நாலு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும் கிடைக்கும்.

கடலைக் கழற்றுதல்

ஸ்டாண்டில் ஏற்றியதும் கழற்ற வேண்டியவை: ரப்பர் இம்பெல்லர் உள்ள கடல்தண்ணீர் பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீர் ஜாக்கெட் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, புகையோடு தண்ணீர் கலக்கும் எல்போ, படகு கியர்பாக்ஸ், அதன் ஆயில் கூலர், எஞ்சினையும் அந்த கியர்பாக்ஸையும் இணைக்கும் டேம்பர் பிளேட்டு. பித்தளைச் சாமான்களை உடனே எடைக்குப் போடாதீர்கள். மீனவர்களுக்கு அவை வேண்டும், காயலாங்கடை விலையைவிடக் கூடவே தருவார்கள்.

கடல்தண்ணீர் பம்பைக் கழற்றிய ஓட்டையைத் தகடு போட்டு பேக்கிங்கோடு மூடுங்கள். அந்தப் பம்பு கியரில் ஓடுவது. மூடாவிட்டால் ஆயில் அங்கிருந்தே கொட்டும். எஞ்சின் ஆயில் கூலருக்கும் கடல்தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் அதை ரேடியேட்டர் சுற்றுக்குள் இணைக்க வேண்டும், அல்லது காற்றில் குளிரும் ஆயில் கூலர் வைக்க வேண்டும்.

பிளாக்கில் தண்ணீர்ப் பாதையின் ஓட்டைகளை அடைக்கும் டம்மி மூடிகள் எல்லாவற்றையும் தட்டி எடுத்து, உள்ளே சேற்றைக் கழுவி, புதுசு போடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது அரை நாள் வேலை. உள்ளே போனபிறகு பின்பக்க மூடி ஒன்று ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

ஓவர்ஹாலைப் பற்றி நீட்டவில்லை. போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் எல்லாம் எந்த டீசலுக்கும் உள்ளதுதான். நல்ல போரிங் கடைக்காரரிடம் கொடுத்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். பின்பக்க ஆயில் சீலுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். 4.108-ன் பெயரைக் கெடுத்ததே அந்த இடம்தான். கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும், சுற்றி ஒரு கயிற்றுப் பேக்கிங் இருக்கும், அவ்வளவுதான் சீல். படகில் கொஞ்சம் ஒழுகினால் அடித்தளத்தில் தேங்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். காரில் அதே ஆயில் கிளட்ச் பிளேட்டில் தெறிக்கும், மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கயிற்றை ஹவுசிங்கில் வைத்து உருண்டைக் கட்டையால் அழுத்தி உட்கார வையுங்கள். முனை துளி வெளியே நிற்கட்டும், கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். எஞ்சின் மூச்சுக் குழாய் அடைத்திருந்தால் எந்த சீலும் நிற்காது. அதையும் சுத்தம் செய்யுங்கள்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதில் காசு மிச்சம் பிடித்தவர்கள் மூன்று மாதத்தில் கியர்பாக்ஸ் பேரிங் மாற்றுவார்கள்.

அம்பாசடர் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடும் கூடு) உள்ள துளைகளும் பெர்கின்ஸின் பின்பக்கத் துளைகளும் ஒத்துப்போகாது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட்டு வேண்டும். 12 முதல் 16 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு போதும். இரண்டு முகங்களையும் தடித்த அட்டையில் அச்செடுத்து, துளைகளைக் குறித்து, லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வியாசர்பாடி, மூலக்கொத்தளம் பக்கம் இதைச் செய்து தரக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல டர்னர் அட்டையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி துளையைப் பற்றி இருக்காது. "சென்டர் எங்கேர்ந்து எடுத்த?" என்றுதான் கேட்பார். அப்படிக் கேட்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அட்டை அச்சை நம்பி அதைச் செய்ய முடியாது. பிளேட்டையும் பெல் ஹவுசிங்கையும் எஞ்சினில் போல்ட்டால் லேசாகப் பிடியுங்கள். காந்த அடி உள்ள டயல் கேஜை ஃபிளைவீலில் ஒட்டி, முள்ளை பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையின் உள்விளிம்பில் வையுங்கள். கையால் கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். முள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். ரப்பர் சுத்தியால் ஹவுசிங்கைத் தட்டித் தட்டி நகர்த்தி, முழுச் சுற்றிலும் முள்ளின் மொத்த ஆட்டம் 0.15 மி.மீ.க்குள் வரும்வரை விடாதீர்கள். பிறகு முள்ளை ஹவுசிங்கின் முகத்தில் வைத்து, சாய்வு இருக்கிறதா என்றும் அதே மாதிரி பாருங்கள். வந்ததும் போல்ட்டை இறுக்கி, இரண்டு இடத்தில் துளையிட்டு, துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் ரீமர் ஓட்டி, டவல் பின் (இடம் பிடிக்கும் உருளை ஆணி) அடித்துவிடுங்கள். அடுத்த முறை கழற்றிப் பூட்டும்போது மையம் தானாக வந்து உட்காரும். போல்ட் இறுக்கிப் பிடிப்பதற்கு மட்டும், இடம் காட்டுவது பின்னின் வேலை.

படகு ஃபிளைவீலில் கிளட்ச் உரசும் முகம் இருக்காது, டேம்பர் பிளேட்டுக்கான துளைகள்தான் இருக்கும். கார் வகை ஃபிளைவீல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இருப்பதில் போதுமான தடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, முகத்தைத் திருப்பி, பிரஷர் பிளேட்டுக்குத் துளை போட்டு, பேலன்ஸ் செய்ய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுப் பல் அம்பாசடர் இன்புட் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். வெளிவட்டம் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும்.

இன்புட் ஷாஃப்டின் மூக்கு உட்காரும் ஸ்பிகாட் புஷ் படகு எஞ்சினில் இருக்காது. அங்கே அதற்கு வேலையே கிடையாது. கிராங்க் முனையில் உள்ள குழிக்கு ஏற்ப வெளியளவும், ஷாஃப்ட் மூக்குக்கு ஏற்ப உள்ளளவும் வைத்து வெண்கலப் புஷ் கடைந்து, ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்து அடியுங்கள். மூக்கு குழியின் அடியில் முட்டக் கூடாது, 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். கிராங்க் குழிக்குள் கொஞ்சம் களிமண் வைத்து கியர்பாக்ஸைப் பூட்டிக் கழற்றினால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று களிமண்ணே காட்டிவிடும்.

காருக்குள் இறக்குதல்

தலைப்பகுதியும் மேனிஃபோல்டும் இல்லாத வெறும் பிளாக்கை, கியர்பாக்ஸோடு செயின் பிளாக்கில் இறக்கி முதல் முறை பாருங்கள். சம்பு முன் குறுக்குச் சட்டத்திலோ ஸ்டீயரிங் ராக்கிலோ இடிக்கும். படகில் எஞ்சின் பின்பக்கம் சரிந்தபடி உட்காரும். சம்பின் வடிவம், ஆயில் உறிஞ்சும் குழாயின் இடம், கேஜ் குச்சியின் கோடு எல்லாம் அதற்கு ஏற்றபடி இருக்கும். சம்பை வெட்டி ஒட்டினால் உறிஞ்சும் குழாயையும் சேர்த்து நகர்த்துங்கள். கேஜ் குச்சிக்குப் புதுக் கோடு போடுவதற்கு ஒரே வழி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அளந்த ஆயிலை ஊற்றிப் பார்த்துக் குறிப்பது.

படகு மவுண்டிங் நாலு கால் வைத்த விறைப்பான சாமான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்னால் இரண்டு, கியர்பாக்ஸ் அடியில் ஒன்று என்று மென்மையான ரப்பர் வையுங்கள். நாலு சிலிண்டர் டீசலின் ஐட்லிங் ஆட்டம் அம்பாசடர் பாடியில் ஏறினால் ஜன்னல் கண்ணாடி பேச ஆரம்பித்துவிடும். எஞ்சின் சாய்வையும் பின் ஆக்சிலின் பினியன் சாய்வையும் செல்போனில் கோணம் காட்டும் ஆப்பை வைத்து அளந்து, இரண்டும் இணையாக, ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வையுங்கள். அதன்பிறகு ஜாயிண்ட் ஷாஃப்டை அளந்து வெட்டி, பேலன்ஸ் செய்து மாட்டலாம்.

வண்டியின் மூக்கு தாழ்ந்தால் முன் டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) மறுபடி செட் செய்து உயரத்தைக் கொண்டுவாருங்கள். அலைன்மென்ட் அதற்குப் பிறகு.

தண்ணீர், டீசல், கரண்ட்

கடலின் இடத்தில் இனி ரேடியேட்டர். டீசல் அம்பாசடர் ரேடியேட்டரையே எடுத்து ஒரு வரிசை கூட்டி கோர் மாற்றச் சொல்லுங்கள். மின்விசிறி முழு ரேடியேட்டரையும் மூடும் கூண்டோடு இருக்க வேண்டும், வெறும் விசிறியைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது வேலைக்கு ஆகாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இதில் அதைச் செய்யாதீர்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். முன்பு தண்ணீரில் நனைந்துகொண்டிருந்த மேனிஃபோல்டு இப்போது நெருப்பாகக் காயும். பக்கத்தில் இருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் வயருக்கும் தகட்டு மறைப்பு கொடுங்கள்.

டீசல் பம்பு சிஏவி ரோட்டரி வகை. படகில் லீவரை வைத்த இடத்தில் எஞ்சின் வேகம் நிற்கும், கவர்னர் சுமைக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும். காரில் அதே செட்டிங்கோடு ஓட்டினால் பெடலைத் தொட்டதும் துள்ளும், விட்டதும் சட்டென்று மூக்கைத் தாழ்த்தும். பம்பு கடையில் பெஞ்சில் ஏற்றி, கார் வகைக்கு கவர்னரை மாற்றி, அதிகபட்ச வேகத்தையும் சீல் வைக்கச் சொல்லுங்கள். லைஃப் போட்டில் என்ன வேகத்துக்குப் பூட்டியிருந்தது என்று எஞ்சின் தகட்டில் பாருங்கள். 4,000 சுற்றுக்குத் திறக்கும் முன் வால்வு ஸ்பிரிங்கும் பேரிங்கும் புதிதாக இருக்க வேண்டும். என் கருத்தில் 3,600 போதும். அம்பாசடரின் 5.90-15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.05 மீட்டர் ஓடும். கிரவுன் பினியன் விகிதம் 4.5 என்றால், 3,000 சுற்றில் வேகம் 82 கிலோமீட்டர். இந்த வண்டிக்கு அதற்கு மேல் எதற்கு?

எஞ்சினை அணைக்க ஸ்டாப் கேபிளோ சோலினாய்டோ வைக்க மறக்காதீர்கள். சாவியைத் திருப்பினால் டீசல் எஞ்சின் தானாக நிற்காது. பிரேக்குக்கு வாக்குவம் சர்வோ உள்ள வண்டி என்றால் வாக்குவம் பம்பு கண்டிப்பாக வேண்டும். பழைய ஆல்டர்னேட்டரோடு ஒட்டியிருந்த பம்பை எஞ்சினோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டு, முதல் ஓட்டத்தில் கட்டையான பிரேக்கை மிதிப்பவர்கள் உண்டு.

வயரிங்கில் ஒரு விஷயம் பல எலக்ட்ரீஷியன்களுக்குப் பிடிபடாது. படகு எஞ்சின்களில் செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் பல நேரம் பாடி எர்த் இல்லாத வகை. உப்புத் தண்ணீரில் உலோகம் அரிக்காமல் இருக்க, நெகட்டிவுக்கும் தனி வயர் கொண்டுவந்திருப்பார்கள். காரில் எர்த் பாடியிலிருந்து வர வேண்டும். அந்த நெகட்டிவ் முனையைத் தடித்த வயரால் சேஸிக்கு இணைத்தால் போதும், சாமானை மாற்ற வேண்டியதில்லை. வண்டி பழைய பாசிட்டிவ் எர்த் வகையா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்ததா) என்பதை மட்டும் பேட்டரி மாட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு அந்த நிமிடமே போய்விடும். கம்ப்ரெஷன் 22-க்கு 1 அளவில் இருப்பதால் பேட்டரியும் டீசல் வண்டிக்கு உரிய பெரியதாக இருக்கட்டும். குளிர்காலத்துக்கான ஹீட்டர் இன்டேக்கில் இருக்கும். நம் ஊரில் மார்கழி விடியற்காலைக்குக்கூட அதைத் தேட வேண்டியிருக்காது, ஆனாலும் வயரை இணைத்து வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்டும் ரோட்டும்

ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு டீசல் லைனில் காற்றை எடுங்கள்: முதலில் ஃபில்டர், அடுத்து பம்பு, கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள். காற்று உறிஞ்சும் வாயருகே ஒருவர் தட்டையான பலகையோடு நிற்கட்டும். எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்தால் அந்த வாயைப் பலகையால் அடைத்துத்தான் நிறுத்த முடியும். கையை வைக்கவே கூடாது.

வெள்ளைப் புகை சூடேறியதும் போக வேண்டும். போகாவிட்டால் டைமிங் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் பம்பு கடைக்குத் திரும்பிப் போங்கள், புகைச் சான்றிதழும் கிடைக்காது.

ஒப்புதல் கையில் இருந்தால், முதல் ஓட்டம் விடியற்காலையில், மாதவரம் பக்கம் காலி ரோட்டில். அடுத்து மேம்பாலம் ஏறி இறங்கி, கிளட்ச் நழுவுகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது சோதனைக்கு எங்கேயும் தேட வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் மதியம் ஒரு மணிக்கு மாட்டிக்கொள்ளுங்கள். முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் சூடான லாரி, காற்று அசையாது, கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அங்கே அரை மணி நேரம் வெப்ப முள் நடுவில் நின்றால் ரேடியேட்டர் தேர்ச்சி பெற்றது. ஏறினால் கூண்டையும் விசிறியையும் திரும்பப் பாருங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் இந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். படகு எஞ்சின்தானே என்று சிரிப்பார்கள். காற்று உறிஞ்சும் வாய் இப்போது பானெட்டுக்குள் தாழ்வாக இருக்கிறது, ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முடிந்தால் அந்த வாயைப் பானெட் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஹெட் போல்ட், மவுண்டிங், அடாப்டர் பிளேட்டு போல்ட், ஜாயிண்ட் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளையில் ஆயில் சொட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான ஈரம் என்றால் விட்டுவிடலாம். சொட்டாக விழுந்தால் கியர்பாக்ஸை இறக்கி, கயிற்றுச் சீலை மாற்ற வேண்டியதுதான்.